பூனைக்கு ஒரு வரலாறு இருக்கு: கொட்டியாரக் கரையிலிருந்து சில குறிப்புகள்

எங்கட வயசில் ஒருத்தர் "எனக்குப் பூனை எண்டா உயிர்" எண்டு சொன்னால் ஊரில் கிடைக்கிற பதில்கள் இரண்டுதான். ஒண்டு சிரிப்பு. மற்றது, "மனிசருக்கே சோறில்லாத காலத்தைப் பார்த்த ஊர் இது, நீங்கள் பூனைக்கு மீன் அவிக்கிறீங்களோ?" எண்ட கேள்வி. சிரிப்பை விட்டிடலாம். கேள்வியை விட ஏலாது, ஏனெண்டால் அது பொய்யான கேள்வி இல்லை. ஈச்சிலம்பற்று பஞ்சமும் வெள்ளமும் கடலும் போரும் கண்ட ஊர். இப்படிப்பட்ட இடத்தில் பூனையில் பாசம் வைக்கிறது பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கா, இல்லாட்டி எங்கட வாழ்க்கையோட ஒட்டின ஒரு பழைய உறவா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் வரலாற்றுப் பக்கமாய் நிண்டு பார்க்கப் போறம்.

முதலில் பூனை எப்படி வீட்டுக்குள் வந்தது எண்டு பார்ப்பம். நாயை மனிசன் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான், மாட்டைக் கட்டி உழுதான். பூனையை ஆரும் கட்டிக்கொண்டு வரேல்லை. மேற்காசியாவில் மக்கள் தானியம் விதைத்துச் சேமிக்கத் தொடங்கினதும் களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பின்னால் காட்டுப்பூனை வந்தது. வந்தது அப்படியே நிண்டிட்டுது. உலகத்தில் இண்டைக்கு உள்ள வீட்டுப்பூனைகள் எல்லாம் வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்த ஒரே காட்டுப்பூனை இனத்திலிருந்து வந்தவை எண்டு மரபணு ஆய்வுகள் காட்டுது. சைப்பிரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒண்டில் ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடந்தது. பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் 2004இல் இதை வெளியிட்டார்கள். சைப்பிரஸில் பூனை இயற்கையாய் இருந்ததில்லை. அப்படியெண்டால் ஆரோ ஒருத்தர் அதைத் தோணியில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டு வந்திருக்கவேணும். பூனையைத் தூக்கிக்கொண்டு பயணம் போன முதல் ஆள் எழுத்து கண்டுபிடிக்கிறதுக்கும் முன்னால் வாழ்ந்தவர் எண்டு விளங்குது.

எகிப்தைப் பற்றி எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். அங்க பாஸ்தெத் எண்ட தெய்வத்துக்குப் பூனைத் தலை. வீட்டுப்பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழிச்சுத் துக்கம் காப்பார்கள் எண்டு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். இந்தக் கதையின்ட மிச்சப் பாதியைக் கனபேர் சொல்லுறதில்லை. 1890இல் எகிப்தில் தோண்டி எடுத்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரையான பூனை மம்மிகளைக் கப்பலில் லிவர்பூலுக்குக் கொண்டுபோய், ஏலம் போட்டு, அரைச்சு வயலுக்குப் பசளையாய்ப் போட்டார்கள். ஒரு காலம் தெய்வமாய் வைச்சதை இன்னொரு காலம் எருவாக்கினது. பூனை வரலாறு முழுக்க இப்படித்தான் ஏறி இறங்குது.

சரி, தமிழில் என்ன கிடக்கு? சங்கப் பாட்டுகளில் வருகிறது பெரும்பாலும் 'வெருகு'. அது காட்டுப்பூனை. முல்லை மொட்டைப் பார்த்த புலவர்களுக்கு வெருகின் கூரான பல் ஞாபகம் வந்திருக்கு. ஒக்கூர் மாசாத்தியார் எண்ட பெண்புலவரின் குறுந்தொகைப் பாட்டு ஒண்டில், மாலை நேரத்தில் வேலிப்பக்கம் வெருகு வந்ததைக் கண்டு வீட்டுக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடுது. கோழி வளர்க்கிற எந்த வளவிலும் இண்டைக்கும் பொழுதுபடேக்குள்ள நடக்கிற காரியம்தான் அது. தொல்காப்பிய மரபியல் ஒவ்வொரு உயிரின் இளமைக்கும் எந்தப் பேர் பொருந்தும் எண்டு பட்டியல் போடுது. அதில் கீரி, எலி, அணிலோட வெருகையும் சேர்த்து இவற்றின் இளசுக்குக் 'குட்டி' எண்ட சொல் உரியது எண்டு வருகுது. நாங்கள் இண்டைக்கு 'பூனைக்குட்டி' எண்டு சொல்லுறது வெறும் செல்லப் பேச்சில்லை, இலக்கணம் ஒப்புக்கொண்ட சொல்.

வெருகு எண்ட சொல்லைக் கேட்ட உடனே எங்கட பக்கத்து ஆக்களுக்கு வெருகல் ஆறும் அந்தக் கரையில் இருக்கிற சித்திரவேலாயுத சுவாமி கோயிலும் ஞாபகம் வரும். ஓசை ஒத்திருக்கெண்டதுக்காக ஊர்ப்பேருக்கு வரலாறு கட்ட நாங்கள் வரேல்லை. ஆனா மகாவலியின் கிளையாறு, களப்பு, நாணல், சதுப்பு எல்லாம் கூடின இந்த நிலம் காட்டுப்பூனைக்கு ஏற்ற நிலம்தான். அதைப் பிறகு பேசுவம்.

வீட்டுப்பூனைக்குப் பழந்தமிழில் 'பூசை' எண்டும் ஒரு பேர். கம்பர் தன்ட ராமாயணத்தைத் தொடங்கேக்குள்ள அவையடக்கமாய்ச் சொன்ன உவமை பிரசித்தம். பாற்கடலைக் கண்ட ஒரு பூசை அதை முழுக்க நக்கிக் குடிச்சிடலாம் எண்டு ஆசைப்பட்ட மாதிரி, நானும் இந்தப் பெரிய கதையைச் சொல்லப் புறப்பட்டிட்டேன் எண்டார். கம்பர் தனக்கே உவமையாய் எடுத்துக்கொண்டது சிங்கமில்லை, யானையில்லை, பால் கண்ட பூனை. ஆசை பெரிசு, நாக்குச் சின்னது. எழுதத் தொடங்கிற எல்லாருக்கும் பொருந்துகிற படம் இது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை ஒற்றைக்காலில் நிண்டு, கையைத் தூக்கித் தவம் செய்யுது, சுத்திவர எலிகள். மகாபாரதத்திலும் கங்கைக் கரையில் தவசி வேடம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை வருகுது. பஞ்சதந்திரத்திலும் நீதிபதி வேசம் போட்ட பூனை, வழக்குச் சொல்ல வந்த இரண்டு பேரையும் தின்னுது. 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' எண்ட எங்கட பழமொழியும் இதே குடும்பம்தான். எலி பிடிக்கத்தான் பூனையை வைச்சிருக்கிறம். ஆனா அது எலி பிடிக்கிறதுக்குப் பதுங்கி இருந்தால் கள்ளம் எண்டுறம். குறுக்கால போனால் சகுனப்பிழை எண்டுறம். வேலை வாங்கிக்கொண்டே பழி போடுற இந்தப் பழக்கம் பூனைக்கு மட்டும் நடக்கிறதில்லை எண்டது வாசிக்கிறவைக்கு விளங்கும்.

இந்தச் சந்தேகத்தைத் தலைகீழாய்ப் புரட்டினது வைணவம். இறைவனின் அருள் எப்படிக் கிடைக்கும் எண்ட கேள்வியில் திருவைணவர்கள் இரண்டு பிரிவாய்ப் பிரிஞ்சார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும். அதுபோல மனிசனும் முயற்சி செய்யவேணும் எண்டது வடகலை. பூனைக்குட்டி ஒண்டும் செய்யாது, தாய்தான் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். அருளும் அப்படித்தான் எண்டது தென்கலை. மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் எண்டு இதுக்குப் பேர். கடவுளுக்கு உவமை சொல்ல ஒரு தாய்ப்பூனையை எடுக்கவேணுமெண்டால், அதைச் சொன்னவர்கள் அடுப்படி மூலையில் ஒரு பூனை குட்டிகளை இடம் மாத்துறதைப் பொறுமையாய்ப் பார்த்திருக்கவேணும்.

எங்களுக்கு அயலில் மூதூர், தோப்பூர் முஸ்லிம் ஊர்கள். இஸ்லாமிய மரபில் பூனைக்கு இன்னும் மரியாதை. நபிமொழிகளை அதிகமாய் அறிவித்த நபித்தோழரின் பேரே அபூஹுரைரா, 'பூனைக்குட்டியின் தந்தை' எண்டு அர்த்தம். பூனையை அடைச்சு வைச்சுச் சோறும் குடுக்காமல், தானாய்த் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம் எண்டு ஒரு நபிமொழி சொல்லுது. கவனிச்சுப் பாருங்க, பூனை வளர்க்காதது குற்றமில்லை. அதின்ட வழியை அடைச்சதுதான் குற்றம்.

இனித் துறைமுகத்துக்கு வருவம். திருகோணமலை, கொட்டியாரக்குடா எண்டாலே கப்பல். 1659ஆம் ஆண்டுப் புயலில் பாய்மரம் முறிஞ்ச ஆங்கிலக் கப்பல் ஒண்டு திருத்த வேலைக்காகக் கொட்டியாரத்துக்கு வந்ததால்தான் ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனிடம் பிடிபட்டு, 19 வருசம் இந்தத் தீவில் இருந்து, 1681இல் இலங்கையைப் பற்றின தன்ட புத்தகத்தை வெளியிட்டார். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எண்டு மாறிமாறி வந்தவர்கள் எல்லாரும் மரக்கப்பலில் வந்தவர்கள். மரக்கப்பல் எண்டால் எலி. எலி கயிற்றையும் கடிக்கும், பாயையும் கடிக்கும், மாதக்கணக்கில் ஓடவேண்டிய கப்பலின் சாப்பாட்டையும் முடிக்கும். அதனால கப்பலில் பூனை ஒரு பணியாளர் மாதிரி. வீட்டுப்பூனை உலகம் முழுக்கப் பரவினதில் கப்பலுக்குப் பெரிய பங்கு.

கப்பல் பூனைகளில் இரண்டு பேரை மட்டும் சொல்லுறம். ஒண்டு 'ட்ரிம்'. 1799இல் கப்பலிலேயே பிறந்த கறுப்புப் பூனை, காலும் நெஞ்சும் வெள்ளை. மத்தியூ ஃபிளிண்டர்ஸ் அவுஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் போட்டபோது அவரோட கூடப் போனது. திரும்புகிற வழியில் மொரிசியசில் பிரெஞ்சுக்காரர் ஃபிளிண்டர்ஸைச் சிறைப்பிடிச்சார்கள். 1804இல் ட்ரிம் காணாமல் போனது. சிறையிருப்பு முடியாமலே 1809இல் அவர் தன்ட பூனைக்கு ஒரு நீண்ட அஞ்சலி எழுதினார். ஒரு கண்டத்தை அளந்த மனிசன் ஒரு பூனைக்காக உட்கார்ந்து எழுதினது எங்களுக்கு அவரின் வரைபடங்களைவிடப் பிடிக்கும்.

மற்றது 'சைமன்'. அமெதிஸ்ட் எண்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் பூனை. 1949 ஏப்ரலில் சீனாவின் யாங்சி ஆற்றில் அந்தக் கப்பல் குண்டடிபட்டு மாதக்கணக்கில் அகப்பட்டுக் கிடந்தது. காயப்பட்ட சைமன் எழும்பி வந்து திரும்ப எலி பிடிக்கத் தொடங்கிச்சு. பிராணிகளின் வீரத்துக்குக் குடுக்கிற டிக்கின் பதக்கம் கிடைச்ச ஒரே பூனை அதுதான். அந்த வருசக் கடைசியிலேயே செத்துப்போச்சு. திருகோணமலைக் கடற்படைத் தளத்தை பிரித்தானியர் 1957இல் இலங்கையிடம் குடுத்திட்டுப் போனார்கள். 1975இல் தங்கட கடற்படைக் கப்பல்களில் பூனை வைச்சிருக்கிறதையும் தடை செய்தார்கள்.

இலங்கைப் பூனையும் வெளிநாடு போயிருக்கு. 1984இல் இங்க வந்த இத்தாலிய மருத்துவர் ஒருத்தர் எங்கட தெருப்பூனைகளின் அழகில் மயங்கிச் சிலதை இத்தாலிக்குக் கொண்டுபோய் இனம் பெருக்கினார். அது 'சிலோன் பூனை' எண்ட பேரில் அங்க ஒரு தனி இனம். மணல் நிறத்து மயிரில் நுணுக்கமான புள்ளியும், காலிலும் வாலிலும் வரிகளும் உள்ள பூனை. எங்கட சந்தையில் மீன்தலைக்குக் காத்திருக்கிற அதே ஆள்தான்.

பூனையால் மனிசருக்கு என்ன பிரயோசனம் எண்டு கேட்டால், அதுக்கும் வரலாற்றில் பதில் இருக்கு. 1896இல் பம்பாய்க்குக் கொள்ளைநோய் வந்து இந்தியா முழுக்க லட்சக்கணக்கான உயிர்களை எடுத்தது. அது எலித்தெள்ளால் பரவுகிற நோய். பூனைகள் கூடுதலாய் இருந்த ஊர்களில் நோய் குறைவாய் இருக்கு எண்டு புக்கானன் எண்ட மருத்துவ அதிகாரி 1908இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். கொழும்புக்கும் 1914இல் கொள்ளைநோய் வந்தது. வயல் ஊர்க்காரருக்கு இது பழங்கதை இல்லை. 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் சந்தேக நோயாளிகள் 7,000 பேருக்கு மேல். பூனை இருந்தால் நோய் வராது எண்டு நாங்கள் சொல்லேல்லை. சேற்றில் இறங்கிறவர் மருத்துவர் சொல்லுற மாத்திரையைத்தான் போடவேணும். ஆனா நெல்மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற பூனை சும்மா படுத்திருக்கேல்லை.

இனிச் சொல்லப்போறது இந்தக் கட்டுரை எழுத நினைச்சதின் காரணம்.

1990இல் போர் திரும்பத் தொடங்கினபோது ஊர் இடம்பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோட சண்டை வெடிச்சது. ஆகஸ்டில் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் வெருகல் ஆற்றைத் தாண்டி வாகரைப் பக்கம் போனார்கள். அங்கயும் நிலைக்க ஏலாமல், 2007 ஜனவரியில் வாகரையும் விழ, மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். 2007இல்தான் மீள்குடியேற்றம் தொடங்கினது. இதெல்லாம் அறிக்கைகளில் இருக்கு. எத்தனை குடும்பம், எத்தனை வீடு, எத்தனை மாடு, எத்தனை வள்ளம் எண்டு படிவங்கள் நிரப்பப்பட்டது. பூனைக்கு அந்தப் படிவங்களில் ஒரு பெட்டி இருந்ததில்லை.

பூனையைக் கூட்டிக்கொண்டு ஓடுறது லேசில்லை. நாய் ஆளுக்குப் பின்னால் வரும். மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போகலாம், ஆட்டைத் தூக்கலாம். பூனை தன்ட கன்னத்தை உரசி உரசி, கதவு நிலை, தண்ணிக்குடம், வேலிக்கம்பு எல்லாத்திலயும் தன்ட வாசனையைப் பூசி வைச்சிருக்கிற பிராணி. அதுக்கு இடம்தான் வீடு. செல் சத்தம் கேட்டால் கூப்பிட்டாலும் வராது, கூரைக்குள்ளயோ விறகுக்கு அடியிலயோ பதுங்கிவிடும். அதனால இடம்பெயர்ந்த சனத்தின்ட பூனை பெரும்பாலும் ஊரிலேயே நிண்டது. வெறும் வளவு, பூட்டின கதவு, ஆளில்லாத குசினி. ஊரைக் கடைசிவரைக்கும் விட்டுப்போகாத குடியிருப்பாளர் ஆரெண்டு கேட்டால் அது பூனைதான்.

மற்ற நாடுகளில் இதை எழுதினார்கள். 1939 செப்டெம்பரில், குண்டு விழப்போகுது எண்ட பயத்தில், போர் தொடங்கின முதல் சில நாள்களுக்குள் லண்டனில் மட்டும் நாலு லட்சம் வரையான நாய் பூனைகளை வீட்டுக்காரர்களே கொண்டுபோய்க் கருணைக்கொலை செய்வித்தார்கள். அரசு கட்டாயப்படுத்தேல்லை. கனகாலம் ஆரும் பேசாமல் இருந்த இந்தக் கதையை ஹில்டா கீன் எண்ட வரலாற்றாசிரியர் நாட்குறிப்புகளையும் பழைய பதிவுகளையும் தோண்டி 2017இல் புத்தகமாக்கினார். 2005இல் அமெரிக்காவில் கத்ரினா புயல் வந்தபோது, வளர்ப்புப் பிராணிகளை விட்டிட்டுப் போகமாட்டம் எண்டு வெள்ளத்துக்குள்ளேயே நிண்ட ஆக்கள் கனபேர். அதைப் பார்த்து, மக்களை வெளியேத்துற திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் இருக்கவேணும் எண்டு அங்க ஒரு சட்டம் வந்தது. வருசம் 2006, ஒக்டோபர். எங்கட சனம் வாகரையில் தறப்பாளுக்குக் கீழ இருந்த அதே மாதம்.

இதைச் சொல்லுறது ஒப்பிட்டு அழுகிறதுக்கு இல்லை. மனிசரையே காப்பாத்தாத காலத்தில் பூனையை ஆர் பார்ப்பான் எண்ட கேள்வி நியாயம்தான். ஆனா விட்டிட்டு வந்தவைக்கு அது வலிக்கேல்லை எண்டு நினைக்கிறது நியாயமில்லை. செத்த மனிசரைப் பற்றி அழுகிற இடத்தில், "என்ட பூனையும் போச்சு" எண்டு சொல்ல ஆருக்கும் வாய் வராது. சின்னத் துக்கத்தைப் பெரிய துக்கத்துக்கு முன்னால் மறைச்சு வைக்கிறது மரியாதை எண்டு பழகிட்டம். மறைச்சது இல்லாமல் போயிடாது. வரலாறு எழுதுறவைக்கு அங்கதான் வேலை இருக்கு. அண்டைக்கு நாலு வயசு, ஆறு வயசில் இருந்த பிள்ளைகளுக்கு, அந்தப் பயணத்தில் முதன்முதல் இழந்த உயிர் ஒரு பூனையாய்க்கூட இருந்திருக்கலாம்.

அதனால பூனைப் பிரியராய் இருக்கிறது எண்டால் போனில் படம் எடுத்துப் போடுறது மட்டும் இல்லை. அதில் பொறுப்பும் கிடக்கு. பெட்டைக்குட்டி எண்டால் சாக்கில் கட்டிச் சந்தையிலயோ கோயிலடியிலயோ விடுற பழக்கம் எங்கட ஊர்களில் இன்னும் போகேல்லை. ஒரு பெட்டைப்பூனை வருசத்துக்கு இரண்டு மூண்டு தரம் ஈனும். கருத்தடை செய்விச்சால் சாக்குக்குத் தேவையே வராது. விசர்நாய்த் தடுப்பூசி நாய்க்கு மட்டுமில்லை, பூனைக்கும் போடவேணும். வீடு மாறினால் புது வீட்டில் இரண்டு மூண்டு கிழமைக்கு உள்ளேயே வைச்சிருந்து வாசனை பழக்கினால் அது பழைய வளவைத் தேடி ஓடாது.

இரவில் பூனையை உள்ளே எடுக்கிறதும் நல்லது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் வெளிச்சவீட்டோட வந்த பூனைகள், உலகத்தில் வேற எங்கயும் மிஞ்சியிராத ஒரு பறக்காத சின்னக் குருவியினத்தை ஒண்டிரண்டு வருசத்துக்குள் இல்லாமலாக்கின. எங்கட களப்புக் கரையிலும் நிலத்தில் கூடு கட்டுற பறவைகள் இருக்கு. காட்டுப்பூனைகளும் இருக்கு. இலங்கையில் சிறுத்தையோட சேர்த்துப் பூனைக் குடும்பத்தில் நாலு காட்டினம்: சிறுத்தை, சதுப்பில் மீன் பிடிக்கிற மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, ஒண்டரைக் கிலோ அளவில் நிக்கிற துருநிறப் புள்ளிப் பூனை. கடைசியாய்ச் சொன்னது உலகத்திலேயே மிகச் சின்னப் பூனையினங்களில் ஒண்டு. இந்தியா, நேபாளம், இலங்கை தவிர வேற எங்கயும் இல்லை. மீன்பிடிப் பூனையைச் 'சின்னப் புலி' எண்டு பயந்து அடிச்சுக் கொல்லுறதும், றோட்டில் வாகனம் ஏத்திறதும் நடக்குது. மாசாத்தியாரின் கோழிக்குப் பயம் வந்தது சரி. எங்களுக்குக் கோழிக்கூட்டுக்கு நல்ல கதவு போதும்.

கடைசியாய் வாசிக்கிற ஆக்களிட்ட ஒரு வேண்டுகோள். உங்கட அம்மம்மாவிட்டயோ அப்பாச்சியிட்டயோ ஒருக்கா கேளுங்க: 1990இல், 2006இல், வீட்டில் பூனை நிண்டதா, அதுக்கு என்ன பேர், என்ன நிறம், திரும்பி வரேக்குள்ள அது நிண்டதா? முதலில் "அதை ஏன் கேக்கிறாய்" எண்டு சிரிப்பார்கள். கொஞ்சம் பொறுங்க. பூனையைப் பற்றித் தொடங்கின பேச்சு எந்தக் கதவைப் பூட்டாமல் வந்தம், எந்த மரத்தடியில் படுத்தம், ஆர் சோறு தந்தது எண்டு தானாய்ப் போகும். பெரிய கேள்வியை நேரே கேட்டால் வாய் திறக்காதவர்கள் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லுவார்கள். சொல்லுறதைத் திகதியோட ஒரு கொப்பியில் எழுதி வையுங்க. பூனையின்ட பேரையும் மறக்காமல் எழுதுங்க.